குறைந்த செலவில் குளோசப்: திருப்பிப் போட்ட லென்ஸ், பால் கவர், ஒரு முசுறு

புளியரை_சாரல் | ஜூன் 21, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் புளியரை. செங்கோட்டைக்கு மேற்கே, கேரளா செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம். சாரல் ஆரம்பிச்சிட்டு. ஆரியங்காவு கணவாய் வழியா காத்து இறங்கிட்டா எங்க வயல் வரப்பு, தென்னந்தோப்பு, வீட்டுக்குப் பின்னால நிக்கிற மாமரம்னு எங்க பாத்தாலும் பூச்சிதான். அதையெல்லாம் கிட்டப் போய் படம் எடுக்கணும்னு ரெண்டு வருசமா ஆசை.

கையில இருக்கிறது ஒரு பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், அதோட வந்த 18-55 மி.மீ. லென்ஸ், செகண்ட்ஹேண்ட்ல வாங்கின ஒரு 50 மி.மீ. லென்ஸ். மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைக் கிட்டப் போய் பெருசா எடுக்கிற லென்ஸ்) வாங்குற நிலையில இப்ப இல்ல. அதனால ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள்ள என்ன முடியும்னு இந்த சீசன் முழுக்க செஞ்சு பாக்கப் போறேன். இதுவரைக்கும் செஞ்சதை எழுதுறேன். தப்பு இருந்தா சொல்லுங்க.

முதல்ல குளோசப் ஃபில்டர். +1, +2, +4, +10 நாலும் சேர்ந்த செட், 450 ரூபாய். லென்ஸுக்கு முன்னாடி திருகிட்டா போதும், மூக்குக்கண்ணாடி மாதிரிதான். லென்ஸ் இன்ஃபினிட்டியில இருந்தா +4-க்கு 25 செ.மீ. தூரத்துல ஃபோகஸ் விழும், +10-க்கு 10 செ.மீ. ஆயிரத்தை டையாப்டரால (அந்த + எண்ணால) வகுத்தா மில்லிமீட்டர் கணக்கு வந்துரும். +4 பரவாயில்ல. +10 போட்டா ஓரமெல்லாம் ஊதாக்கோடு, நடுவுல மட்டும்தான் சுத்தம்.

ரெண்டாவது ரிவர்ஸ் ரிங், 220 ரூபாய். ஒரு பக்கம் ஃபில்டர் மரை, மறுபக்கம் கேமரா மவுண்ட். லென்ஸைத் தலைகீழா மாட்ட வேண்டியதுதான். இங்க ஒண்ணு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. நேரா மாட்டும்போது 55-ல தான் பெருசாத் தெரியும், திருப்பி மாட்டினா 18-ல தான் பெருசாத் தெரியுது. ஸ்டீல் ஸ்கேலைப் படம் எடுத்துப் பாத்தேன். 55-ல சுமாரா 30 மி.மீ. அடங்குது. 18-ல ஆறு மி.மீ. சொச்சம்தான். சென்சார் அகலம் 22 மி.மீ.ன்னா அது மூணு மடங்குக்கு மேல!

மூணாவது எக்ஸ்டென்ஷன் டியூப், 380 ரூபாய். உள்ள கண்ணாடி கிடையாது, வெறும் வளையம். 7, 14, 28 மி.மீ. மூணு துண்டு. டியூப் நீளத்தை லென்ஸ் எண்ணால வகுத்தா உருப்பெருக்கம் வரும். 50 லென்ஸுக்கு மூணையும் போட்டா கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு, அதாவது பொருள் எவ்வளவோ அதே அளவுக்கு சென்சார்ல விழும்.

இப்ப பிரச்சினை. மாமரத்துல முசுறு (இலையைச் சேர்த்துக் கூடு கட்டுற செவ்வெறும்பு) கூடு கட்டியிருக்கு. கூட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு இலையில தனியா ஒண்ணு நின்னுச்சு. ரிவர்ஸ் போட்டு, செல்போன் டார்ச் வெளிச்சத்துல எடுத்தேன். [படம் 1] பாருங்க. கலங்கின தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்கு. முதுகுல ஒரே ஒரு மயிர் மட்டும் துல்லியம், மத்ததெல்லாம் மங்கல். எங்க தப்பு?

---

தென்காசி_ஸ்டூடியோ | ஜூன் 21, இரவு 10.55

தம்பி, கல்யாண ஃபோட்டோ எடுத்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. முகூர்த்தம் இல்லாத ஆடி மாசத்துல எனக்கும் இதுதான் வேலை.

ஒரு கேள்வி. அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற ஓட்டையை, மூடினீங்களா? கேனான் லென்ஸை கழட்டினா அது முழுசாத் திறந்தே நிக்கும். அந்த லென்ஸுக்கு அபெர்ச்சர் கரண்ட்டுல வேலை செய்றது, திருப்பிப் போட்டா கேமராவோட தொடர்பே கிடையாது. நீங்க கேமராவுல என்ன நம்பர் வச்சாலும் அதுக்குத் தெரியாது. டியூப்லயும் அதே கதை, 380 ரூபாய் டியூப்ல கேமராவையும் லென்ஸையும் இணைக்கிற மின்முனை இருக்காது.

வழி இருக்கு. லென்ஸை நேரா மாட்டுங்க. ஏவி மோடுல (அபெர்ச்சரை நாமே வைக்கிற மோடு) எஃப் 8 வையுங்க, எஃப் எண் ஏற ஏற ஓட்டை சின்னதாகும். டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அமுக்கினா அபெர்ச்சர் மூடும், வ்யூஃபைண்டர் இருட்டாகும். அமுக்கின கையை எடுக்காமலே லென்ஸை கழட்டுங்க. மூடினது மூடினபடியே நிக்கும். முன்னாடி இருந்து உள்ள பாருங்க, சின்ன ஓட்டை தெரியணும். சில மாடல்ல அந்த பட்டன் தனியா இருக்காது, மெனுவுல செட் பட்டனுக்கு அந்த வேலையை மாத்தி விடலாம்.

நிக்கான் வச்சிருக்கவங்களுக்கு நேர் எதிர். கழட்டினா முழுசா மூடிக்கும். பின்னால ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளினா திறக்கும். மடிச்ச பேப்பரைச் செருகிப் பாதியில நிறுத்தலாம். அபெர்ச்சர் ரிங் இருக்கிற பழைய லென்ஸ் கிடைச்சா இந்தக் கஷ்டமே இல்ல.

---

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் | ஜூன் 22, காலை 7.10

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ் வழிப் பள்ளியொன்றில் அறிவியல் எடுக்கிறேன். என்னிடம் கேமரா இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. வீட்டுக்கு ஒரு செல்போன் இருக்கும், அதை வைத்து நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

கெட்டுப்போன டிவிடி டிரைவைப் பழைய சாமான் கடையில் வாங்கிக்கொள்வோம். உள்ளே லேசர் படிக்கும் பகுதியில் மிளகளவு லென்ஸ் ஒன்று உண்டு. அதைச் சேதமில்லாமல் எடுத்து, ஹேர்பின்னின் இரண்டு காலுக்கும் இடையில் பிடித்துவைத்து, பின்னை செல்போன் கேமராவின் மேல் டேப்பால் ஒட்டினால் முடிந்தது. டிரைவைத் திறக்கும்போது கரண்ட் கொடுக்கக் கூடாது, லேசரைக் கண்ணால் பார்க்கக் கூடாது. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் நானே செய்கிறேன்.

லென்ஸ் கிடைக்காதபோது ஒரு சொட்டுத் தண்ணீர். போனைக் கவிழ்க்காமல், மெல்லிய கண்ணாடித் தகட்டில் சொட்டுவைத்து அதைக் கேமராவின் மேல் வைக்கிறோம். தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். மருந்துக்கடைக் கிளிசரின் காயாது, ஒளியையும் தண்ணீரைவிட அதிகம் வளைக்கும். அதனால் உருவம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

வெங்காயத் தோலின் செல்வரிசையை ஒரு பெண்பிள்ளை முதல்முறை தன் அம்மாவின் போனில் பார்த்தபோது, திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள். மணியடித்தும் எழுந்திருக்கவில்லை.

---

கிளியர்_ஷாட் | ஜூன் 22, காலை 11.30

நண்பர்களே, மனதில் பட்டதைச் சொல்கிறேன். இதெல்லாம் நேர விரயம். செகண்ட்ஹேண்டில் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸ் இருக்கும், அபெர்ச்சர் வேலை செய்யும், பூச்சியிடமிருந்து தள்ளி நிற்கலாம். ரிவர்ஸில் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவில் நாலைந்து சென்டிமீட்டர்தான் கிடைக்கும். பாதி பூச்சி பறந்துவிடும்.

---

தென்காசி_ஸ்டூடியோ | ஜூன் 22, மதியம் 1.15

நீங்க சொல்றதுல பொய் இல்ல. தூரம் கிடைக்கும், அது பெரிய வசதி. ஆனா பழைய மேக்ரோ லென்ஸே இருபதாயிரம் பக்கம் கேக்குறான். அதைவிட முக்கியமா ஒண்ணு: அந்த லென்ஸை வாங்கி டார்ச் வெளிச்சத்துல எடுத்தாலும் படம் 1 மாதிரியேதான் வரும். இருபதாயிரம் கொடுத்துக் கலங்கல் படம் எடுத்த ஆளுங்க என் கடைக்கு வந்து கேமரா ரிப்பேர்னு சொல்லியிருக்காங்க.

நடுவுல ஒரு வழி வேணும்னா ரேனாக்ஸ் 250-ன்னு ஒரு குளோசப் லென்ஸ் இருக்கு. அது +8 டையாப்டர், ஆனா ஒத்தைக் கண்ணாடி இல்ல, பல கண்ணாடி சேர்த்துச் செஞ்சது. அதனால ஓரத்துல ஊதாக்கோடு வராது. 55-250 மாதிரி நீள ஜூம் வச்சிருக்கவங்க அதை முன்னாடி மாட்டினா 12 செ.மீ. தூரம் கிடைக்கும். தம்பியோட பட்ஜெட்டுக்கு அதுவும் எட்டாது, தெரிஞ்சு வச்சுக்கிடட்டும்.

---

புளியரை_சாரல் | ஜூன் 24, இரவு 8.20

அண்ணாச்சி, அந்த பட்டன் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி. கழட்டிப் பாத்தா உள்ள குட்டி ஓட்டை நிக்குது!

ஆனா நான் கொஞ்சம் பேராசைப்பட்டு எஃப் 22-க்குப் போயிட்டேன். ஃபோகஸ் ஆழம் நிறையக் கிடைக்கும்னு நினைச்சேன். இப்ப எறும்பு முழுசும் ஃபோகஸ்ல இருக்கு, ஆனா எதுவுமே கூர்மையா இல்ல. [படம் 2] வெண்ணெய் தடவின மாதிரி இருக்கு. ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்வு) 3200 வச்சதால புள்ளி புள்ளியா வேற.

---

தென்காசி_ஸ்டூடியோ | ஜூன் 24, இரவு 9.50

இதுல எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க. கிட்டப் போகப் போக நீங்க வச்ச எஃப் எண் உண்மையில வேற எண்ணா மாறிடும். உருப்பெருக்கத்தோட ஒண்ணைக் கூட்டி எஃப் எண்ணால பெருக்குங்க. ஒண்ணுக்கு ஒண்ணுல எஃப் 11 வச்சா அது எஃப் 22 மாதிரி நடந்துக்கும். ரெண்டு மடங்குல அதே எஃப் 11, 33 ஆயிடும். அவ்வளவு சின்ன ஓட்டைக்குள்ள நுழையும்போது ஒளி சிதறிடும், எந்த லென்ஸா இருந்தாலும் படம் மழுங்கும். ரிவர்ஸ் லென்ஸுக்குக் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், போக்கு இதேதான்.

ரெண்டு மடங்குக்கு எஃப் 5.6-லிருந்து 8-க்குள்ள நில்லுங்க. ஆழம் குறைவுதான், ஒத்துக்கிடணும். உங்க சென்சார்ல ஒண்ணுக்கு ஒண்ணு, எஃப் 8-ன்னா ஃபோகஸ் ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு மடங்குல கால் மில்லிமீட்டர்தான். அதனால லென்ஸ் வளையத்தைத் திருகி ஃபோகஸ் தேடாதீங்க. உடம்பை முன்னாடி பின்னாடி ஆட்டணும். மூச்சை விட்டுட்டு, மெதுவா முன்னால சாஞ்சுக்கிட்டே ஏழெட்டுப் படம் தொடர்ந்து எடுங்க. அதுல ஒண்ணு கண்ணுல விழும். பூச்சி அசையாம இருந்தா அந்த ஏழெட்டையும் அடுக்கி ஒரே படமாச் சேர்க்கலாம். அதுக்கு ஹியூகின்ங்கிற கம்ப்யூட்டர் மென்பொருளோட வர்ற கருவிகள் இருக்கு, காசு கிடையாது.

---

நகரி_தறி | ஜூன் 25, காலை 6.05

வணக்கம்ணா. சித்தூர் ஜில்லா நகரி பக்கம், பவர்லூம் வேலை. வீட்ல தமிழ், வெளிய தெலுங்கு. இந்தப் பக்கத்துல நெறைய பேர் அப்படித்தான். நான் கேமராக்காரன் இல்ல. ஆனா நீங்க பேசுறது எங்க தொழில்ல தினமும் பாக்குறது, அதனால எழுதுறேன்.

தறியில நூல் எண்ணிக்கை பாக்க பிக் கிளாஸ்னு ஒண்ணு வச்சிருப்போம். மூணு பட்டையா மடங்கும், பித்தளையோ இரும்போ. அடிப்பட்டையில ஒரு அங்குலச் சதுர ஜன்னல், ஓரத்துல அளவுக்கோடு. மேல்பட்டையில லென்ஸ். விரிச்சித் துணி மேல வெச்சா லென்ஸ் சரியான உயரத்துல தானா நிக்கும். பாவு (நீளவாட்டு நூல்) எத்தனை, ஊடை (குறுக்கு நூல்) எத்தனைன்னு ஊசி முனையால தள்ளித் தள்ளி எண்ணுவோம். அந்த லென்ஸ் மேல செல்போனை வெச்சா போதும்ணா. உயரம் அதுவே பிடிச்சுக்கிது, கை நடுக்கமே இல்ல. விதை, காசு, உதிர்ந்த பூச்சி ரெக்கை, இலை நரம்பு எல்லாம் அப்படி எடுத்திருக்கேன். [படம் 3] எங்க லுங்கித்துணி, ஒரு ஊடை அறுந்த இடம்.

இப்ப முக்கியமானது. உங்க எறும்புப் படத்தை ரெண்டு தடவ பாத்தேன். லென்ஸ் தப்பு இல்லண்ணா, வெளிச்சம் தப்பு. துணியில குறை பாக்கும்போது தலைக்கு நேர் மேல இருக்கிற டியூப்லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது, எல்லாம் தட்டையா ஒரே மாதிரி இருக்கும். அதே துணியை ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போய் சாய்வா வெளிச்சம் படுற மாதிரி பிடிச்சா ஒவ்வொரு நூலும் தனியா எழுந்து நிக்கும். முடிச்சு, தளர்ந்த பாவு, விட்டுப்போன ஊடை எல்லாம் நெழலோட தெரியும். எங்க அப்பா தறிக்கொட்டாயில கிழக்கு ஜன்னலை மறைக்க விடவே மாட்டாரு.

டார்ச் இன்னொரு தப்பு பண்ணுது. அது ஒரு புள்ளி. பளபளப்பான உடம்புல புள்ளி வெளிச்சம் விழுந்தா ஒரு இடம் வெள்ளையா எரியும், பக்கத்துல கருப்பா இருக்கும். பட்டு நூலைப் பாத்தா தெரியும்ணா. பட்டுக்கு வெளிச்சம் அகலமா, சாய்வா வரணும். எறும்பு முதுகும் பட்டு மாதிரிதானே.

இன்னொரு சேதி சொல்றேன், எனக்கு அது ரொம்பப் பெருமை. நுண்ணுயிரை முதல்ல கண்ணால பாத்து எழுதின லேவன்ஹூக் 1600-கள்ல ஹாலந்து டெல்ஃப்ட் ஊர்ல துணி வியாபாரம் பண்ணவரு. நூல் பாக்க லென்ஸ் வெச்சிருந்த தொழில்ல இருந்து வந்தவரு, ஒத்தை லென்ஸ் வெச்சே அதைச் செஞ்சாரு.

---

கிளியர்_ஷாட் | ஜூன் 25, காலை 9.00

நகரி நண்பர் சொன்னது சரி. வெளிச்ச விஷயத்தில் நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஓடும் எறும்பை எப்படி நிறுத்துவது? பிடித்து ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்தால் அசையாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

---

ஏலமலை_குமுளி | ஜூன் 25, மாலை 6.40

ஃப்ரிட்ஜ் வேணாம்ணே. கோவமாச் சொல்லல, ஆனா உறுதியாச் சொல்றேன். குளிர்ல வச்சா அது செத்துப்போறதும் உண்டு, பிழைச்சாலும் கால் சுருண்டு, மீசை மடங்கி நிக்கும். அப்படி எடுத்த படத்தைப் பூச்சியோட பழகின யாரும் பாத்த உடனே கண்டுபிடிச்சிருவாங்க. உசுரோட இருக்கிற பூச்சி நிக்கிற நிப்பே வேற.

நான் ஏலத்தோட்டத்துல வேலை பாக்குறேன். தாத்தா காலத்துல கம்பத்துல இருந்து மலையேறி வந்த குடும்பம். காலைல ஆறு மணிக்குப் போங்க. ராத்திரிக் குளுருல பூச்சியெல்லாம் தானா மந்தமா இருக்கும், மேல பனித்துளி நிக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு மணி நேரம் கிடைக்கும், அது போதும். ஏலப்பூவும் அப்பத்தான் பாக்கணும். தரையோட ஒட்டிக் கிடக்கிற சரத்துல வெள்ளைப் பூ, நடு இதழ்ல ஊதாக் கோடு விசிறி மாதிரி விரியும். பூ ஒரு நாள்தான், சாயங்காலம் வாடிரும். தேனீ வந்து அந்தக் கோட்டு மேல நடந்து உள்ள போற இடத்தை 50-ல டியூப் போட்டு எடுத்திருக்கேன். தேனீ வராட்டி காய் பிடிக்காது, அதனால அந்தப் படம் எனக்கு ஒரு தோட்டக்காரனாவும் முக்கியம். மருந்தடிச்ச தோட்டத்துல அன்னைக்குப் போய்ப் பாருங்க, படமெடுக்க ஒரு பூச்சி இருக்காது. மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

காத்துல செடி ஆடுனா ஒரு தடிக் கம்பியை மண்ணுல குத்தி, மேல் நுனியில துணி கிளிப்பைக் கட்டிக்கிடுங்க. கிளிப் வாய்க்குப் பஞ்சு சுத்தி, தண்டை மெதுவாப் பிடிக்க வைங்க. பூவைப் பறிக்க வேண்டியதே இல்ல. அட்டை ஏறும், கால்ல உப்பும் புகையிலையும் சேத்துத் தடவிட்டுப் போங்க.

---

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் | ஜூன் 25, இரவு 7.55

துணி கிளிப் யோசனைக்கு நன்றி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் எங்கள் பக்கம் ஆடி முடியும்வரை ஒரு புல்கூட நிற்காது. நாளைக்கே செய்து பார்க்கிறோம்.

---

புளியரை_சாரல் | ஜூலை 3, இரவு 10.10

ஒரு வாரமா எழுதல. வெளிச்சத்துக்கு ஒரு சாதனம் செய்யுறதுலயே போச்சு. நகரி அண்ணன் எழுதினதை நாலு தடவை படிச்சேன். எப்படிச் செஞ்சேன்னு விவரமா எழுதுறேன், வேற யாருக்காவது உதவும்.

தனி ஃபிளாஷ் வாங்கக் காசு இல்ல. கேமராவுல தலையில எழும்புற ஃபிளாஷ்தான் இருக்கு. அதை அப்படியே அடிச்சா வெளிச்சம் எறும்புக்குப் போய்ச் சேராது. எறும்பு லென்ஸுக்கு நாலு செ.மீ. முன்னால இருக்கு, லென்ஸோட நிழலே அது மேல விழுந்துரும். அதனால வெளிச்சத்தைக் குழாய் வழியா முன்னால கொண்டுபோகணும்.

செருப்பு வாங்கின அட்டைப் பெட்டியை வெட்டி, ஃபிளாஷ்ல இருந்து லென்ஸ் முனை வரைக்கும் சரிவா இறங்குற சுரங்கம் மாதிரி ஒட்டினேன். பின்பக்கம் ஃபிளாஷ் அகலம், முன்பக்கம் ஒரு சாண். உள்ள முழுக்க பரோட்டா பார்சல் அலுமினியத் தாளை மினுமினுப்பு வெளிய தெரியுற மாதிரி ஒட்டியிருக்கு. சுருக்கம் இருந்தா பரவாயில்ல. முன்வாயை லென்ஸுக்கு மேல கூரை மாதிரி கொஞ்சம் நீட்டி, கீழ் நோக்கி வளைச்சேன். அந்த வாயில பால் கவர்.

பால் கவர்ல ஒரு சூட்சுமம் இருக்கு. வெளிப்பக்கம் நீலம், பச்சைன்னு அச்சடிச்சிருப்பான், அந்த நிறம் படத்துல ஏறும். அச்சு இல்லாத வெள்ளைப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கணும். சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைக்கணும், இல்லேன்னா ரெண்டு நாள்ல நாறும், எறும்பு கேமராவுக்கே வந்துரும். ஒரு கவர் பத்தாது. முதல் கவருக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி விட்டேன். ஒட்டி வச்சப்ப நடுவுல பளிச்சுன்னு ஒரு பொட்டு தெரிஞ்சுச்சு. இடைவெளி விட்ட பிறகு வாய் முழுக்க ஒரே சீரா வெளிச்சம் வருது.

கேமரா முழுக்க மேனுவல். 1/200, ஐஎஸ்ஓ 400, கழட்டும்போது எஃப் 8. ஃபிளாஷ் சட்டுன்னு வெட்டிட்டுப் போறதால கை நடுக்கமும் எறும்பு நடையும் படத்துல தெரியல. பின்னணி கருப்பாப் போயிரக் கூடாதுன்னா பின்னால ஒரு இலையைக் கிட்டத்துல வச்சுக்கிடணும்.

காலைல ஆறே காலுக்கு அதே மாமரம். இலை நுனியில தனியா ஒண்ணு நின்னுச்சு, முதல் நாள் பாத்த அதே மாதிரி. கூட்டத்தோட போற முசுறு நம்ம கையை வச்சா கடிக்கத்தான் வரும். இது கொஞ்சம் முன்ன வந்துச்சு, நின்னுச்சு, என்னைப் பாத்துத் திரும்புச்சு, இலைக்கு அடியில போயிட்டுத் திரும்பி வந்துச்சு. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். [படம் 4] [படம் 5]

செலவு: அட்டை சும்மா, அலுமினியத் தாள் வீட்ல இருந்துச்சு, டேப் 30 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு மேல கண்ணாடிக்கும் வளையத்துக்கும் செலவழிச்சேன், படத்தை மாத்தினது இந்த 30 ரூபாய். இதை முதல்லயே செஞ்சிருந்தா +10 ஃபில்டரை வாங்கியே இருக்க மாட்டேன்.

---

நகரி_தறி | ஜூலை 4, காலை 5.50

அண்ணா! படம் 5-ல வயித்து மேல இருக்கிற சின்னச் சின்ன மயிர் தனித்தனியா தெரியுது. பாவு நூல் மாதிரி ஒரே திக்குல சாஞ்சிருக்கு. இதுதாண்ணா நான் சொன்னது.

---

ஏலமலை_குமுளி | ஜூலை 4, காலை 8.30

சாரல் அண்ணே, படம் 5-ஐப் பெருசாக்கிக் கால் எண்ணுங்க.

நான் மூணு தடவை எண்ணிட்டேன். எட்டு வருது.

முன்னால மீசைன்னு நினைக்கிறீங்களே, அது மீசை இல்ல, முன்னங்கால் ரெண்டையும் தூக்கிப் பிடிச்சிருக்கு. முசுறு மீசைக்கு நடுவுல முழங்கை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், இதுல அது இல்ல. அப்புறம் முகத்தைப் பாருங்க. முன்னுக்கு ரெண்டு பெரிய உருண்டைக் கண்ணு, ரெண்டுலயும் உங்க பால் கவர் வெள்ளைக் கட்டமாத் தெரியுது! எறும்புக்குக் கண்ணு தலையோட ரெண்டு பக்கத்துல இருக்கும், இப்படி நேராப் பாக்காது.

இது சிலந்திண்ணே. குதிக்கிற சிலந்தி.

---

புளியரை_சாரல் | ஜூலை 4, காலை 9.05

கை நடுங்குது. எண்ணிட்டேன், எட்டுதான். படம் 1-ஐத் திருப்பி எடுத்துப் பாத்தேன், அதுவும் இதேதான் போல. அந்தக் கலங்கல்ல கால் ரெண்டு இருட்டுக்குள்ள போயிருக்கு, முகம் எரிஞ்சு வெள்ளையாக் கிடக்கு. பதிமூணு நாளா எறும்புன்னே நினைச்சிட்டு இருந்திருக்கேன்.

---

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் | ஜூலை 4, மாலை 5.20

இடைவேளையில் படத்தைப் பார்த்ததும் புத்தகங்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். முசுறைப் போல வேடமிடும் இந்தச் சிலந்தியின் அறிவியல் பெயர் மிர்மாப்ளாட்டா பிளாட்டாலியாய்டிஸ். தென்னிந்தியாவில் முசுறுக் கூடு இருக்கும் மரங்களைச் சுற்றிக் காணப்படுவது. முசுறை மலையாளத்தில் நீறு என்பார்கள். என் வகுப்பில் இரண்டு பெயரும் ஓடும்.

முசுறு கூட்டமாகக் கடிக்கும், அமிலம் பீய்ச்சும். பறவைகளும் மற்ற வேட்டைப் பூச்சிகளும் அதை ஒதுக்கிவிட்டுப் போகும். அந்தப் பயத்தின் நிழலில் இந்தச் சிலந்தி வாழ்கிறது. எறும்பு என்றால் உடல் மூன்று பகுதியாகத் தெரிய வேண்டும், சிலந்திக்கு இரண்டுதான். அதனால் இதன் முன்னுடலிலேயே ஓர் இடுக்கு விழுந்து, தலை தனி, மார்பு தனி என்று தோன்றுகிறது. ஆனால் முசுறுக்கு மிக அருகில் அது போகாது. எறும்பு நெருங்கினால் விலகும், தப்ப வழியில்லாவிட்டால் நூல் விட்டுத் தொங்கிவிடும்.

சாரல், உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண் சிலந்தி கிடைக்குமா என்று பாருங்கள். ஆணுக்கு வாய்முன் உறுப்பு மிக நீண்டிருக்கும். ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வதுபோல் தோன்றும். படம் 4, 5 இரண்டையும் வகுப்பில் காட்ட அனுமதி வேண்டும்.

---

புளியரை_சாரல் | ஜூலை 4, இரவு 9.15

டீச்சர், அனுமதியெல்லாம் கேக்கணுமா? பெரிய அளவிலேயே அனுப்புறேன்.

---

கிளியர்_ஷாட் | ஜூலை 5, காலை 10.00

என்னிடம் 100 மேக்ரோ நான்கு வருடமாக இருக்கிறது. என் வீட்டுக் கொய்யா மரத்தில் முசுறு உண்டு. ஒருமுறைகூடக் கால் எண்ணியதில்லை. நேற்று மாலை போய் நின்றேன். இன்னும் கண்ணில் படவில்லை. ஃப்ரிட்ஜ் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

---

தென்காசி_ஸ்டூடியோ | ஜூலை 7, இரவு 11.20

நல்ல சேதிக்கு நடுவுல ஒரு எச்சரிக்கை. தம்பி, நீங்க லென்ஸைத் திருப்பிப் போட்டு சாரல்ல சுத்துறீங்க. லென்ஸோட பின்கண்ணாடி இப்ப முன்னால நிக்குது, அதுக்குப் பாதுகாப்பே கிடையாது. டியூப்ல சின்ன வளையத்தை அதுக்கு மூடி மாதிரி மாட்டி வச்சா தூறல் நேரா விழாது.

வீட்டுக்கு வந்ததும் பையிலயே விட்டுராதீங்க. நம்ம பக்கத்து ஈரத்துல ஒரே மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்கும். நான் ஒரு தடவை ஆன்லைன்ல பழைய 28 லென்ஸ் வாங்கினேன், சுத்தமா இருக்குன்னு எழுதியிருந்தான். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா உள்ள சிலந்திவலை மாதிரி வேர் ஓடியிருக்கு. அதைக் கழட்டிச் சுத்தம் பண்ணியும் கண்ணாடியில தழும்பு போகல. இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு அதுக்குள்ள வைங்க. நிறம் மாறினா சூடு பண்ணித் திருப்பிப் போடலாம். அரிசிக்குள்ள புதைக்கிற பழக்கம் வேண்டாம், மாவுத்தூசி உள்ள போகும்.

பழைய லென்ஸ் வாங்குறவங்க டார்ச்சைப் பின்னால அடிச்சு முன்னால இருந்து பாத்துட்டு வாங்குங்க. டார்ச்சுக்கு உண்டான வேலை அதுதான்.

---

நகரி_தறி | ஜூலை 9, காலை 6.15

எங்க ஊர் வேப்பமரத்துல முசுறு இல்லண்ணா, வேற கட்டெறும்புதான். ஆனா பிக் கிளாஸ்ல பால் கவரை பக்கவாட்டுல சுருட்டி வெச்சுப் பாத்தேன். லுங்கியில ஒரு ஊடை ரெட்டையா போயிருக்கிற இடம், அஞ்சு நாளா கண்ணுக்கு மாட்டாம இருந்தது, படத்துல உடனே மாட்டிச்சு. முதலாளிகிட்ட காட்டினேன். இப்ப கொட்டாய்ல இன்னும் ரெண்டு பேர் பால் கவர் கழுவி வெச்சிருக்காங்க.

---

புளியரை_சாரல் | ஜூலை 19, இரவு 9.30

டீச்சர், ஆண் கிடைச்சிட்டு.

பத்து நாள் தினமும் காலைல போனேன். நாலு நாள் மழை, ரெண்டு நாள் காத்து. இன்னைக்குக் காலைல கூட்டுல இருந்து மூணு இலை தள்ளி நின்னுச்சு. முதல்ல உண்மையிலேயே முசுறுதான் செத்த எறும்பைத் தூக்கிட்டுப் போகுதுன்னு நினைச்சு விட்டுரப் பாத்தேன். டீச்சர் எழுதினது ஞாபகம் வந்துச்சு, கால் எண்ணினேன். [படம் 6]

முன்னால நீட்டியிருக்கிறது தலையளவுக்கு மேல நீளம், நுனி தடிச்சு, தூக்கிப் போற எறும்போட தலை மாதிரியே இருக்கு. இதை 55-ல வச்சு எடுத்தேன், 18-ல வச்சா முழுசும் அடங்கல. [படம் 7] அடுக்கினது, ஆறு படம். ஹியூகின்ல சேக்க ராத்திரி ரெண்டு மணி நேரம் ஆச்சு. முன்கால் நுனியில கொஞ்சம் பேய் மாதிரி ரெட்டை உருவம் இருக்கு, நடுவுல காலை அசைச்சிருச்சு. அதை அழிக்காம விட்டிருக்கேன்.

அந்த ஆறு படத்துக்கு அப்புறம் இன்னொண்ணு எடுக்கும்போது ஒரு நிஜ முசுறு இலைக்கு ஏறி வந்துச்சு. சிலந்தி பக்கவாட்டுல கொஞ்சம் நகந்துச்சு, அப்புறம் இலை விளிம்புல இருந்து சட்டுன்னு குதிச்சு நூல்ல தொங்குச்சு. கேமராவைக் கீழ இறக்கிட்டுப் பாத்துட்டே நின்னேன். முசுறு இலை முழுக்க முகர்ந்துட்டுத் திரும்பிப் போச்சு. அது போன பிறகுதான் இது நூலைப் பிடிச்சு மேல ஏறுச்சு. அதுக்குப் படம் இல்ல.

---

ஏலமலை_குமுளி | ஜூலை 19, இரவு 10.05

படம் இல்லாட்டியும் பாத்த மாதிரி இருக்குண்ணே. எங்க தோட்டத்துல சரம் நல்லாப் பூத்திருக்கு. ஆவணி தொடங்குறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழமை பால் கவரோட குமுளிக்கு வாங்க. பஸ் ஸ்டாண்டுல வந்து கூட்டிட்டுப் போறேன். காலை ஆறு மணிக்குப் பூ விரிஞ்சிருக்கும்.

---

புளியரை_சாரல் | ஜூலை 19, இரவு 10.20

ஆகஸ்ட் முதல் ஞாயிறு வர்றேன். சனிக்கிழமை ராத்திரியே வந்து தங்கிக்கிடுறேன். துணி கிளிப் கொண்டு வரணுமா, அங்க இருக்கா?